மானியக் கோரிக்கை பார்க்கப் போனோம்: மத்திகிரியிலிருந்து கோட்டை வரை

வழக்கமாக இந்தப் பக்கத்தில் கோயில் பயணங்களைத்தான் எழுதுவேன். எந்த பஸ், எத்தனை மணிக்கு நடை திறக்கும், சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று. இந்த முறை போனது சட்டமன்றம். சென்னைக் கோட்டைக்குள் இருக்கிற அதே சட்டமன்றம்தான். மாங்காய் விலை இறங்க ஆரம்பித்திருந்த வாரம் அது. அங்கே மானியக் கோரிக்கை விவாதம் நடந்துகொண்டிருந்தது. நம்மைப் போன்றவர்களை உள்ளே விடுவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். விடுகிறார்கள்.

மானியக் கோரிக்கை என்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பட்ஜெட் படித்து முடித்த பிறகு, ஒவ்வொரு துறை அமைச்சரும் ‘இந்த வருஷம் என் துறைக்கு இவ்வளவு வேண்டும்’ என்று அவையில் கேட்பார். உறுப்பினர்கள் அதன்மேல் பேசுவார்கள். அமைச்சர் பதில் சொன்ன பிறகுதான் பணத்துக்கு ஒப்புதல். வீட்டுக் கணக்கு எழுதுகிற எல்லாருக்கும் இது புரியும். டிவியில் பட்ஜெட் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்காருகிறவள் நான்.

ஆனால் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. ஓசூர் பக்கம் மத்திகிரியில், எங்கள் வரிசை வீடுகளில் மஞ்சுளா என்று ஒரு பெண் இருக்கிறாள். சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட், மதியம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை. கணவருக்கும் மாறி மாறி ஷிப்ட். இரண்டு வயதுப் பெண் குழந்தை, யாழினி. அங்கன்வாடியை நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு யாழினியை நான்தான் வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என் மகளுக்குப் பிரசவம். சேலம் போனால் திரும்ப ஐந்தாறு மாதம் ஆகும். மஞ்சுளா வேலையை விடவேண்டும், இல்லையென்றால் குழந்தையைச் சிங்காரப்பேட்டையில் அம்மாவிடம் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும்.

எங்கள் பகுதிப் பெண்கள் முப்பது பேர் கையெழுத்துப் போட்டு, அங்கன்வாடியை இரவு வரை நடத்தச் சொல்லி எங்கள் தொகுதி உறுப்பினரிடம் மனுக் கொடுத்தோம். “அந்தத் துறை மானியம் வர்றப்ப கண்டிப்பா பேசறன்” என்றார். பேசுகிறாரா என்று பார்த்துவிடலாம் என்று சொன்னது மஞ்சுளா. பார்வையாளர் சீட்டுக்கு அவருடைய உதவியாளரிடம் பத்து நாள் முன்னாலேயே ஆதார் நகல் கொடுத்துவிட்டோம்.

மத்திகிரியில் ஓசூர் டவுன் பஸ் காலை ஆறு மணிக்கு. பெண்களுக்குக் காசில்லை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஐம்பது கிலோமீட்டர், 45 ரூபாய். ஓசூரில் பக்கத்து சீட்டுக்காரர், எங்கே போகிறோம் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“பக்கத்துல நாப்பது கிலோமீட்டர்ல பெங்களூர்ல ஒரு சட்டசபை இருக்குது. அத உட்டுட்டு இம்மாந்தூரம் போறீங்களே.”

“அங்க போய் எங்க ஊரு அங்கன்வாடியக் கேட்டா எந்த மொழில திட்டுவாங்கண்ணா?” என்றாள் மஞ்சுளா.

“தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் திட்டுவாங்க. நமக்கு மூணும் புரியுமில்ல, அதான் கஷ்டம்.”

கிருஷ்ணகிரியில் திருவண்ணாமலை பஸ் பிடிக்கவேண்டும். ஊத்தங்கரை தாண்டி சிங்காரப்பேட்டை, 52 ரூபாய். ஒன்பதரைக்கு இறங்கினோம். யாழினியை அம்மாவிடம் விட்டுப் போவதாக ஏற்பாடு. மஞ்சுளா ஒரு பையை மட்டும் கொடுத்தாள். அதில் குழந்தையின் எல்லாத் துணியும் இருந்தது. அவளுடைய அம்மா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“மூணு நாளைக்கா இவ்ளோ துணி?”

“பதில் நல்லா வந்தா கூட்டிட்டுப் போறன். வரலைன்னா இங்கயே இருக்கட்டும்” என்றாள் மஞ்சுளா. குழந்தை வாசலில் கன்றுக்குட்டியின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தது. கிளம்பியதை அது கவனிக்கவில்லை. மஞ்சுளா கவனிக்காததுபோல நடந்தாள்.

திருவண்ணாமலைக்கு 45 ரூபாய். நாங்கள் போய்ச் சேரும்போது உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தும் நேரம். ராஜகோபுரத்தை வெளியிலிருந்து கும்பிட்டுக்கொண்டேன். திரும்பும்போது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கிருந்து கிளாம்பாக்கம் 140 ரூபாய், நாலரை மணி நேரம். கூடுவாஞ்சேரியில் என் நாத்தனார் வீடு இருப்பதால் தங்கும் செலவு மிச்சம். தங்க இடம் இல்லாதவர்கள் எழும்பூர் பக்கம் அறை எடுத்தால் காலையில் அலையவேண்டாம்.

மறுநாள் மின்சார ரயில். கோட்டை நிலையத்தில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் வந்துவிடும். டிக்கெட் பத்து ரூபாய். வாசலில் உதவியாளர் சீட்டோடு நின்றார். முப்பது வயது இருக்கும், ஓசூர்ப் பையன். கையில் இரண்டு போன், இரண்டும் அடித்துக்கொண்டிருந்தன.

“அண்ணன் இன்னிக்கு உங்க விஷயத்துக்கு வெட்டுத் தீர்மானம் குடுத்திருக்காருக்கா” என்றார் பெருமையாக.

மஞ்சுளா நின்றுவிட்டாள். “வெட்டா? எத வெட்டறாரு?”

“அந்தத் துறைக்குக் கேட்டிருக்கிற பணத்துல நூறு ரூபா குறைக்கணும்னு.”

“நாங்க குடுக்கச் சொல்லிக் கேட்டா இவரு குறைக்கச் சொல்றாரா? அதுவும் எங்க மனுவக் காட்டி? வாங்கக்கா, பஸ்ஸுக்குப் போலாம்.”

எனக்கும் அதே கோபம்தான். கணக்கு எழுதுகிறவளுக்குக் குறைப்பது என்றால் குறைப்பது. ஏன் தம்பி இப்படிச் செய்தார் என்று கேட்டேன். அவர் இரண்டு போனையும் அணைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். நாளுக்கு நாலு பேருக்குச் சொல்லிப் பழகியவர்போல இருந்தது.

“இது வழக்கம்க்கா. நூறு ரூபா யாருக்கு வேணும்? ஒரு துறைல குறை இருக்குதுன்னு அவைல எடுத்துச் சொல்லணும்னா, அதுக்காக நூறு ரூபாயக் குறைங்கன்னு எழுதிக் குடுக்கணும். எழுதிக் குடுத்தா அந்தக் குறை அச்சாகி எல்லார் மேசைக்கும் போயிடும். அமைச்சரும் பார்த்துத்தான் ஆகணும். கடைசில அந்தத் தீர்மானம் தோத்துடும், இல்லன்னா இவங்களே திரும்ப வாங்கிக்குவாங்க. ஒரு பைசா குறையாது.”

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. குழாய் ஒழுகுவதை மூன்று மாதம் சொல்லியும் என் வீட்டுக்காரர் காதில் வாங்கவில்லை. ‘உங்க காப்பித்தூள்ல நூறு ரூபாய் குறைக்கிறேன்’ என்று சொன்ன அன்று சாயந்திரமே ஆள் வந்தது. மஞ்சுளாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் பஸ்ஸுக்குப் போகிற பேச்சை விட்டாள்.

சோதனை கடுமை. போன், பை, தண்ணீர் பாட்டில், பேனா எதுவும் கூடாது. அதனால் இங்கே எழுதுவதெல்லாம் நினைவிலிருந்துதான். என் இடுப்பில் இருந்த பொட்டலத்தைப் பெண் காவலர் பிரித்துப் பார்த்தார்.

“இன்னாம்மா இது?”

“எங்க ஊர் முருகன் கோயில் விபூதி.”

“கொஞ்சம் கொடு. காலைலேர்ந்து மண்டையிடி” என்று நெற்றியில் பூசிக்கொண்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மாடம் சின்னது. டிவியில் பார்ப்பதைவிட அவையும் சின்னதுதான், கீழே பேசுவது பக்கத்தில் கேட்கிறது. கால்மேல் கால் போடக்கூடாது, பேசக்கூடாது, கைதட்டக்கூடாது. முதலில் கேள்வி நேரம். அதற்குப் பிறகு ஒரு சட்ட முன்வடிவை அறிமுகம் செய்தார்கள். “ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க” என்று பேரவைத் தலைவர் சொல்ல, ஆம் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மஞ்சுளா என் காதில், “சட்டம் ஆயிடுச்சா?” என்றாள். வாசற்படி தாண்டி உள்ளே வந்திருக்கிறது, இனிமேல்தான் விவாதம் என்று கிசுகிசுத்தேன். காவலர் முறைத்தார்.

எங்கள் உறுப்பினர் பேச எழுந்தபோது மணி பன்னிரண்டேகால். ஏரி, பாலம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் என்று போய்க்கொண்டே இருந்தார். எங்கள் விஷயம் வரவேயில்லை. முடித்துக்கொள்ளுங்கள் என்று தலைவர் சொன்னார். மஞ்சுளா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. “ஒரு நிமிடம், ஒரே ஒரு செய்தி” என்று அவர் காகிதத்தைப் புரட்டினார்.

“மத்திகிரியிலும் பாகலூர் சாலையிலும் இருக்கிற பெண்கள் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வீடு வர இரவு பத்தரை ஆகிறது. அங்கன்வாடி நான்கு மணிக்கு மூடப்படுகிறது. இடைப்பட்ட நேரத்தில் அந்தக் குழந்தைகள் எங்கே இருக்க வேண்டும் என்று அமைச்சர் சொல்ல வேண்டும்.” உட்கார்ந்துவிட்டார்.

அமைச்சர் அந்த நேரம் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். “அவர் காதுல விழலக்கா” என்றாள் மஞ்சுளா. ஆனால் ஓரத்தில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பெண்மணி வேகமாக எழுதியதை நான் பார்த்தேன். அதற்குள் எங்கள் நேரம் முடிந்தது என்று எழுப்பிவிட்டார்கள். அமைச்சரின் பதில் கடைசியில்தான் வரும். அதைக் கேட்க எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அன்று இரவு உதவியாளர் போனை எடுக்கவில்லை. மறுநாள் காலைப் பேப்பரில் புது அறிவிப்புகள் என்று நிறைய வந்திருந்தன. நாத்தனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வரி விடாமல் படித்தேன். எங்களுடையது இல்லை. ஆறு மணிக்கே கிளாம்பாக்கத்துக்குக் கிளம்பிவிட்டோம். திண்டிவனத்தில் மஞ்சுளாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறவிட்டுக் கீழே ஊற்றினாள்.

திருவண்ணாமலையில் பொதுத் தரிசனம் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எனக்காக எதுவும் கேட்கவில்லை, மகள் பிரசவத்தைக்கூட அப்புறம் என்று வைத்தேன். மஞ்சுளா சன்னிதியிலும் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். திட்டலாம் என்று நினைத்தேன். அருணாசலேஸ்வரர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று விட்டுவிட்டேன்.

செங்கம் பஸ் நிலையத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. சிங்காரப்பேட்டைக்கு இன்னும் அரைமணி நேரம்தான். அங்கேதான் உதவியாளரின் போன் வந்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, சாரி, நேத்து அவை முடிய லேட்டு. அறிவிப்புல இல்ல, ஆனா பதிலுரைல அமைச்சர் சொல்லிட்டாரு. மத்திகிரி, பாகலூர் ரோடு ரெண்டு எடத்துலயும் சோதனை முறைல ராத்திரி பத்தரை வரைக்கும். மூணு மாசத்துக்குள்ள.”

“சொன்னா செய்வாங்களா?”

“அவைல சொன்னதுக்கா, வெளிய மேடைல சொன்னது இல்ல. உறுதிமொழிக் குழுன்னு ஒண்ணு இருக்குது. அமைச்சர் குடுத்த வாக்கு ஒவ்வொண்ணையும் குறிச்சு வெச்சு, ஏன் செய்யலன்னு துறையக் கூப்பிட்டுக் கேக்கும்.”

நன்றிகூடச் சொல்லாமல் மஞ்சுளா கேட்டாள்: “மூணு மாசம்னா எப்ப இருந்து எண்ணணும்?”

“நேத்துலேர்ந்து” என்றார் அவர்.

சிங்காரப்பேட்டையில் மஞ்சுளாவின் அம்மா குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தார். கொடியில் துணிகள் காய்ந்தன. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

“கவர்மெண்ட்டு மூணு மாசம்னா முப்பது மாசம்டி. இந்த அக்காவும் அடுத்த வாரம் சேலம் போறாங்க. அதுவரைக்கும் புள்ளய யாரு தலைல கட்டுவ?”

“சாவித்திரியம்மாகிட்ட கேக்கறன்.” சாவித்திரியம்மா எங்கள் வரிசையில் கடைசி வீடு. கன்னடக்காரர், காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார்.

“இத்தன நாள் கேக்காதவ இப்ப கேக்கறியா?”

“எப்பவும் பாத்துக்கோங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சிம்மா கேக்கறது? மூணு மாசம்னா கேக்கலாம்.”

அங்கேயே நின்று போன் போட்டாள். மறுமுனையில் குக்கர் சத்தம். முழுதும் கேட்டுவிட்டுச் சாவித்திரியம்மா பாதி கன்னடமும் பாதி தமிழுமாகச் சொன்னது எனக்கும் கேட்டது. “மூணு மாசம்தானே? ஆய்த்து. கர்க்கொண்டு பா, கூட்டிட்டு வா. இதுக்கா இத்தன நாளு யோசன பண்ண?”

கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துப் பையில் வைத்தது அம்மாதான். மடிக்கும்போது முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தார். பஸ் ஏறும்போது ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டை கொடுத்தார், சாவித்திரியம்மாவுக்கு என்று கொஞ்சம் தனியாகக் கட்டி.

இனி போக நினைப்பவர்களுக்கு. ஒரு ஆளுக்கு பஸ், ரயில் போகவர 584 ரூபாய். சாப்பாட்டுக்கு மூன்று நாளைக்கு நானூறு வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு உங்கள் தொகுதி உறுப்பினர் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரிஜினல் ஆதாரை மறக்காதீர்கள். உங்கள் விஷயம் எந்தத் துறையோ அந்தத் துறை மானியம் வரும் நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள், இல்லையென்றால் சம்பந்தமில்லாத பேச்சைக் கேட்டுவிட்டு வரவேண்டியிருக்கும். முடிந்தால் பதிலுரை நேரத்துக்குச் சீட்டுக் கேளுங்கள். நாங்கள் காலை நேரத்துக்குக் கேட்டு ஏமாந்தோம். உங்கள் உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால் பயப்படாதீர்கள், கொடுக்கவில்லை என்றால்தான் ஏன் என்று கேளுங்கள்.

அவ்வளவு பெரிய செலவுக் கணக்கில் எங்கள் நாலு மணிக்கும் பத்தரை மணிக்கும் நடுவில் இருக்கிற நேரத்துக்கு ஒரு இடம் கிடைத்ததை என் காதால் பாதி கேட்டேன். கேட்பதற்கு ஆள் இருந்தால் கணக்கு எழுதுகிறவர்கள் கொஞ்சம் கவனமாக எழுதுவார்கள் என்று தோன்றுகிறது. மூன்று மாதம் முடிந்ததும் உறுதிமொழிக் குழுவுக்கு எழுத முப்பது பேரும் தயாராகத்தான் இருக்கிறார்கள். அது தேவைப்படாது என்றே நினைக்கிறேன். முந்தாநாள் இரண்டு பேர் வந்து அங்கன்வாடியில் விளக்குப் போட அளவெடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் நாளைக்குச் சேலம் கிளம்புகிறேன். சொல்லிக்கொள்ளச் சாவித்திரியம்மா வீட்டுக்குப் போனேன். யாழினி அவர் மடியில் உட்கார்ந்து ராகி முத்தே, நம் கேழ்வரகுக் களிதான், சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வா, நம்ம வீட்டுக்குப் போகலாம் என்று கையை நீட்டினேன். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு நிதானமாக என்னைப் பார்த்து, “பேடா” என்றாள். கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம்.