பல் பிடிக்காத செல்ஃப் மோட்டார்

எழுபதுகளின் கடைசியில் நான் செங்கத்தில் பழைய கார்களின் செல்ஃப் மோட்டார் வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். பொத்தானை அமுக்கினால் இன்ஜினுக்கு முதல் சுற்றுக் கொடுத்து உசுப்பிவிடும் மோட்டார் அது. சீமைக் கார்களுக்குப் புதுச் சாமான் கிடைக்காத காலம். உடைத்துப் போட்ட வண்டிகளிலிருந்து கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, கார்பன் மாற்றி வைத்தால் தேடி வந்து வாங்குவார்கள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மோட்டாரைத் தரையில் போட்டுக் காலால் மிதித்துக்கொண்டு பேட்டரி ஒயரைத் தொட்டுக் காட்டுவேன். அது காலடியில் துள்ளிச் சுற்றும். "பாத்துக்கிங்க, குதிர!" என்பேன். குதிரை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

ஜவ்வாது மலையில் எனக்கு ஒரே ஒரு வாடிக்கைக்காரர். ஜமுனாமரத்தூர் பக்கத்தில் ஒரு மலைக் கிராமம் அவருடையது. பழைய சீமைக் கார் ஒன்றின் பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் புளியும் சாமையும் ஏற்றி ஓட்டினார். எங்களில் யார் மூத்தவர் என்று இருவருக்குமே நிச்சயமில்லாததால் ஒருவரையொருவர் அண்ணா என்றே கூப்பிட்டுக்கொண்டோம். செல்ஃப் எரிந்துபோச்சு என்று அவர் சொல்லியனுப்ப, ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாட்டும் வேலையை அவரே பார்த்துக்கொண்டார். ஆறு மாதம் ஒரு புகாரும் இல்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

பிறகு புது வாடிக்கை பிடிக்கலாம் என்று ஒரு சந்தை நாளில் மறுபடி மலையேறினேன். காலையிலிருந்தே வயிற்றில் வலி. பஸ் நிலையத்தில் தின்ற போண்டாவைத் திட்டிக்கொண்டே போனேன். உச்சிப்பொழுதில் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு புளி மூட்டை மேல் சுருண்டுவிட்டேன். வாந்தி நிற்கவில்லை. கீழே போகும் பஸ் சாயங்காலம்தான். சந்தையில் மூட்டை இறக்க வந்திருந்த அந்த வாடிக்கைக்காரர் ஓடி வந்து என்னைத் தூக்கித் தன் காரில் கிடத்தினார். அப்போது நான் பிழைப்பேனா என்று எனக்கே சந்தேகம்.

மலை மேல் வண்டியைச் சமதளத்தில் நிறுத்த மாட்டார்கள். மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தி, டயருக்குக் கல் கொடுத்துவிட்டுப் போவார்கள். கல்லை எடுத்தால் வண்டி தானே உருளும், கியரில் விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சந்தையன்று மட்டும் மூட்டை இறக்கத் திடலின் நடுவே நிறுத்தியாக வேண்டும். அன்றும் கார் அங்கேதான் நின்றது.

அவர் ஸ்டியரிங் பக்கம் போகாமல் ஆள் கூப்பிட்டார். "தள்ளணும்பா, ஓடியாங்க!"

"செல்ஃப அமுக்குங்கண்ணா" என்று முனகினேன்.

தயங்கினார். என் முகத்தைப் பார்க்காமலே உட்கார்ந்து அமுக்கினார். மோட்டார் அருமையாகச் சுற்றியது. வெறுமனே சுற்றியது. இன்ஜின் அசையவில்லை. பல் பிடிக்கும் 'டக்' சத்தம் கேட்கவே இல்லை. அந்த வலியிலும் எனக்கு விளங்கிவிட்டது. பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு மோட்டார்கள் என்னிடம் இருந்தன. ஒன்று வலப்பக்கம் சுற்றும், மற்றது இடப்பக்கம். மாற்றிக் கொடுத்திருக்கிறேன். எதிர்ப்பக்கம் சுற்றினால் அதன் பல்சக்கரம் முன்னே நகர்ந்து இன்ஜினைப் பிடிக்காது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னை மலை மேல் கிடத்திச் சுட்டது.

சாமை அளந்துகொண்டிருந்தவர்கள் படியைப் போட்டுவிட்டு வந்தார்கள். பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்கள். இறக்கம் தொடங்கும் இடம் வரை லேசான மேடு. இரண்டு முறை வண்டி பின்னால் சரிந்தது, மறுபடி தோள் கொடுத்தார்கள். ஓர் அம்மா ஜன்னல் வழியே கையை விட்டு என் நெற்றியைப் பிடித்தபடி கூடவே நடந்தார். "ஒண்ணும் ஆவாது சாமி, தோ எறக்கம் வந்துட்ச்சி." கார் உருண்டு, உறுமி, ஓடத் தொடங்கியதும் பின்னால் எல்லோரும் சத்தம் போட்டது கேட்டது. அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. அவர்கள் தள்ளிக் கொடுத்த உயிர் இது.

குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாகக் கீழே ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றே அறுத்தார்கள்.

தையல் நன்றாக ஆறிய பிறகு, திசையை மூன்று முறை பார்த்து, சரியான மோட்டாருடன் பஸ் ஏறினேன். அவர் பானெட்டைத் திறந்து மாட்டத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மொத நாளே தெரிஞ்சிருக்குமே. ஏண்ணா சொல்லல?"

"தெரியும். நீங்க எங்க வூட்ல களி துன்னுட்டு அசந்து படுத்தீங்க, அதுக்குள்ள மாட்டிப் பாத்துட்டேன்."

"அப்பவே எழுப்பியிருக்கலாமே!"

"அன்னிக்கு பஸ்ஸு வர்ல. நீங்க அத்த சாக்குல கட்டி, தோள்ல போட்டுகினு மலையே நடந்து ஏறி வந்தீங்க. தோளு தோலுரிஞ்சி கெடந்துச்சி. சொன்னா திரும்பத் தூக்கினு எறங்குவீங்க, இன்னொண்ணத் தூக்கினு ஏறுவீங்க. எனக்கு இன்னாண்ணா, தள்ளிக்கினா போச்சி."

ஆறு மாதம் ஒவ்வொரு சந்தை நாளும் ஆள் கெஞ்சிக் கூப்பிட்டு வண்டியைத் தள்ளியிருக்கிறார், என் தோளுக்காக. பானெட்டுக்கு இந்தப் பக்கம் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். அவர் நிமிரவில்லை. ஸ்பானரை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

"இந்த போல்ட்டப் புடிங்கண்ணா, எனக்குக் கை எட்டல."

பிடித்துக்கொண்டேன்.