பேப்பரில் திறந்த பாலம்

மேடையில் பேச்சாளர் கையை உயர்த்தி, "தாய்மார்களே, பெரியோர்களே!" என்று தொண்டையைத் திறக்கிற அதே சமயத்தில், நிருபர்களுக்குப் போட்ட பெஞ்சில் ஒரு டிபன் டப்பா திறக்கிற சத்தம் கேட்கும். புளிச்சோறும் எள்ளுத் துவையலும். பேச்சாளர் ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்பதெல்லாம் அந்த டப்பாவுக்குக் கிடையாது. ஐந்தரை மணிக்குத் திறக்கும், ஆறு நிமிஷத்தில் மூடும்.

திண்டிவனம் நிருபர் சுமதிகுமார் சாப்பிடுகிறார். செஞ்சிக்குப் பக்கத்துச் சமணக் குடும்பம். இந்தப் பக்கத்தில் அவர்களை நயினார் என்பார்கள். பொழுது சாய்ந்துவிட்டால் அவர் வாய்க்குள் ஒரு பருக்கை போகாது. பொதுக்கூட்டங்களோ பொழுது சாய்கிற நேரத்தில்தான் ஆரம்பிக்கின்றன. என்ன செய்வார் மனுஷர்? கூட்டத்திலேயே சாப்பிடுகிறார். இது வேடிக்கை என்றால், கூட்டம் முடிந்தபின் அவர் செய்வது அதைவிட வேடிக்கை. நேராகப் பேச்சாளரிடம் போய் நின்று, "ஆறு நிமிஷம் நான் சாப்பிட்டுக்கினு இருந்தேங்க. அப்ப என்னா பேசினீங்க?" என்று கேட்பார். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டு எழுதிக்கொள்ளக்கூடாதா? எழுத மாட்டார். ஒரு பேச்சாளர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "எனக்கே ஞாபகம் இல்லையே, நயினாரே" என்றாராம். அந்த ஆறு நிமிஷம் பேப்பரில் வரவில்லை.

வயது நாற்பத்தெட்டு. ஒல்லி. முழங்கைக்கு மேல் மடித்த வெள்ளைச் சட்டை, அதன் பையில் எப்போதும் ஒரு மைக்கறை. ரயிலடிக்குப் போகிற தெருவில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். வைத்திருக்கிறார் என்று பேர்தான். நடத்துவது அவர் மனைவி குணமதி அம்மாள். "கடைக்காரி நான்தாங்க. அவரு கிராக்கி மாதிரி வருவாரு, போவாரு" என்று அந்த அம்மாளே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கச் சிலேட்டுக் கட்டை எடுத்துத் துடைத்தார்.

பட்டணத்துப் பெரிய பத்திரிகாசிரியர்களைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. அவர்கள் படம் போட்ட காலண்டர்கூட வந்துவிட்டது. அவர்களுடைய தலையங்கத்துக்கு நாலு பக்கம் தள்ளி, ஒரு மூலையில், "நமது நிருபர்" என்று பேர் இல்லாமல் ஆறு வரி எழுதுகிறாரே, அந்தப் பிரகிருதி யார் என்று பார்க்கத்தான் நான் திண்டிவனத்தில் இறங்கினேன்.

அந்த ஆறு வரியை லேசாக நினைக்கவேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன் முகையூர்ப் பக்கம் ஒரு பொதுக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. இரண்டு மாடும் ஒரு பெண்ணும் விழுந்தார்கள். பெண் பிழைத்தாள். சுமதிகுமார் போய், கிணற்றின் அகலத்தைத் தன் வேட்டியால் அளந்து, நாலு வரி எழுதினார். ஒரு மாதத்தில் சுவர் எழும்பியது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தச் சுவர்மேல் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவார். "நல்லா கட்டிக்கிறாங்க சார், ஆடவே இல்ல" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இப்படிப்பட்டவருக்கு ஆபீசில் என்ன பேர் தெரியுமா? 'மறுநாள் நிருபர்.'

காரணம் இதுதான். விழுப்புரத்திலிருந்து பட்டணம் போகிற பாசஞ்சர் திண்டிவனத்துக்கு மூன்று மணிக்கு வரும். நிருபர்கள் செய்தியை உறையில் போட்டு, அதன் தபால் வண்டியில் சேர்த்தால் மறுநாள் காலைப் பேப்பரில் வரும். மூன்று மணிக்குமேல் நடப்பதெல்லாம் அடுத்த நாள் ரயிலுக்குத்தான். தந்தி அடிக்கலாம், ஆனால் ரயில் கவிழ்ந்தால்தான் தந்தி என்பது ஆபீஸ் உத்தரவு. கூட்டங்களோ சாயந்திரம். ஆகவே நிருபர்கள் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்து மத்தியானமே, "விழா சிறப்பாக நடைபெற்றது" என்று எழுதி ரயிலில் சேர்த்துவிட்டு, சாவகாசமாகக் கூட்டத்துக்குப் போவார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது விழா சிறப்பாகத்தான் நடக்கிறது. யாருக்கு என்ன நஷ்டம்?

சுமதிகுமார் மட்டும் நடந்தபிறகுதான் எழுதுவார். "நடக்காதத நடந்துச்சுன்னு எழுதறதுக்கு நான் கதை எழுதப் போயிருப்பேனே, சார்" என்பார். அதனால் அவர் செய்தி எப்போதும் ஒரு நாள் பின்னால். பேப்பர் ஏஜெண்டு துரைக்கண்ணுவுக்கு வயிற்றெரிச்சல். "மத்த பேப்பர்ல கல்யாணம், என் பேப்பர்ல மறுவீடு! ஊரே சிரிக்குது" என்று அவர் ஆபீசுக்கே எழுதிப் போட்டுவிட்டார். ஆசிரியரிடமிருந்து சுமதிகுமாருக்குக் கடிதம் வந்தது: இனி பிந்தினால் வேறு ஆள்.

இதற்குத்தான் அவர் ஆடிப்போனார். நிருபர் வேலையில் பெரிய வரும்படி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் போட்டோ ஒட்டின அடையாள அட்டை இருக்கிறதே, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் அவர் தாலுகா ஆபீசுக்குள் தலை நிமிர்ந்து போகிறார். அட்டை போனால் அவர் வெறும் நோட்டுப் புத்தகக் கடைக்காரர். கிணற்றுக்குச் சுவர் இல்லை என்று யாரிடம் சொல்லுவார்?

இந்தச் சமயத்தில் வந்தது கிளியனூர்ப் பாலம்.

கிளியனூருக்குப் பக்கத்தில் பாண்டி ரோட்டை ஒட்டி ஓர் ஓடை. அதன்மேல் பாலம் கட்டி முடித்து நாலு மாதம் ஆயிற்று. மந்திரி வந்து திறக்கவேண்டும் என்று இரண்டு பக்கமும் தார் டிரம்களை அடுக்கி, ஒரு வாட்ச்மேனையும் போட்டிருந்தார்கள். மேலே புதுப் பாலம் வெயிலில் காயும். கீழே ஜனங்கள் புடவையையும் வேட்டியையும் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள். கடைசியில், இந்த ஐம்பத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசியில், மாலை நாலு மணிக்குத் திறப்பு என்று அழைப்பிதழ் வந்தது.

அன்று மத்தியானம் துரைக்கண்ணு கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். "அழைப்பிதழ் கீது. மந்திரி பேச்சைக்கூட அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க. விழுப்புரத்து நிருபருங்க மூணு பேரும் அங்கியே கவர் போட்டுட்டாங்களாம். ஜல்தி எழுதுங்க சார்!"

குணமதி அம்மாளும் சேர்ந்துகொண்டார். "ஒரு தடவைதான் எழுதுங்களேன். கார்டு போச்சுன்னா நீங்க தாங்க மாட்டீங்க. உங்கள நான் தாங்க மாட்டேன்."

சுமதிகுமார் பேனாவை எடுத்தார். "கிளியனூர்ப் பாலத்தை மந்திரி திறந்து வைத்தார்" என்று எழுதியும்விட்டார். அப்புறம் தலையைத் தூக்கி, "எத்தினி பேர் வந்தாங்க?" என்றார்.

"ரெண்டாயிரம் போடுங்க."

"மொதல்ல பாலத்து மேல போனது யாரு?"

"மந்திரிதான் போவாரு."

"போவாருன்னா? இன்னும் போவலியா?"

துரைக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். சுமதிகுமார் தாளை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு கிளியனூர் பஸ் ஏறினார்.

மூன்றரை மணிக்குப் பிடித்தது மழை. பந்தல் சரிந்தது. மந்திரியின் கார் திண்டிவனம் பங்களாவோடு திரும்பிவிட்டது. நனைந்த ஜனங்கள் பழையபடி ஓடையில் இறங்கி வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் மூன்று பேப்பர்களில் பாலம் திறந்துவிட்டது! ஒன்றில் ஐயாயிரம் பேர், ஒன்றில் ஏழாயிரம் பேர், இன்னொன்றில் மக்கள் வெள்ளம். அதற்கு மறுநாள் சுமதிகுமாரின் பேப்பரில், உள்பக்க மூலையில், மழையால் விழா நடக்கவில்லை என்று ஆறு வரி வந்தது. ஆசிரியர் கண்ணில் அது அச்சானபிறகுதான் பட்டது. மூன்று பேப்பர் சேர்ந்து பொய் சொல்லுமா? தம்முடைய நிருபர் அங்கே போகவே இல்லை என்று தீர்மானித்துவிட்டார். கடிதம் பறந்து வந்தது: "நமக்குப் பெரிய தலைகுனிவு. பாலம் பற்றிய அடுத்த செய்தி அன்றைய ரயிலிலேயே வரவேண்டும். இல்லையேல் அட்டையைத் திருப்பி அனுப்பவும்."

ஊரிலாவது அவரை மெச்சினார்களா? கிளியனூர்ப் பஞ்சாயத்துத் தலைவர் பெரியதம்பி கடைக்கே வந்து சண்டை பிடித்தார். "மூணு பேப்பர்ல என் வரவேற்புரை வந்துகீது. கண்ணாடி போட்டு மாட்டிக்கிறேன். உன் பேப்பர்ல மட்டும் ஏன்யா வரல?"

"நீங்க பேசலீங்களே."

"பேசறதாத்தானே இருந்தேன்!"

அவர் நனைந்துபோய் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்த ஜனங்களே அவர் பக்கம் பேசினார்கள். பேப்பரில் வந்துவிட்டால் நம் கண்ணையே நாம் நம்புவதில்லை.

ஆனால் ஓடைக்குப் பேப்பர் படிக்கத் தெரியவில்லை. நாலாம் நாள் தண்ணீர் மார்பளவு வந்தது. ஜனங்கள் பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு வாட்ச்மேனிடம் போனார்கள். "தொறந்தாச்சுன்னு போட்டுக்கிறான் பாரு. வழிய வுடு!" வாட்ச்மேன், "பட்டணத்துல தொறந்துக்கிறான். இங்க டிரம் அப்படியேதான் கீது" என்று சொல்லிப் பீடி பற்றவைத்தான். பெரியதம்பி இன்னொரு தேதி கேட்டு மேலே எழுதினார். "பாலம் முன்பே திறக்கப்பட்டதாகப் பத்திரிகைகளில் காண்கிறது. மீண்டும் திறக்கத் தேவையில்லை" என்று பதில் வந்தது. சரி, டிரம்மை எடு என்றால், "திறந்ததாக எனக்கு உத்தரவு இல்லை" என்றார் பாலத்தைக் கட்டிய ஓவர்சீயர். ஆக, பாலம் திறந்தும் இருந்தது, மூடியும் இருந்தது. விழுப்புரத்து நிருபர்களைக் கேட்டால், "அண்ணே, நாங்க தொறந்துட்டோம். இனிமே நாங்க எப்படி மூடறது?" என்றார்கள்.

தயிர்க்காரி அஞ்சம்மாள் நடு ஓடையில் தடுக்கி விழுந்து, இரண்டு பானைத் தயிரையும் தண்ணீருக்குக் கொடுத்தாள். ஈரப் புடவையோடு பெரியதம்பி வீட்டு வாசலில் வந்து நின்று, "கண்ணாடி போட்டு மாட்டிக்கிறியே, அத்தக் கழட்டிக் குடு. தெப்பம் கட்டிப் போறேன்" என்றாளாம். அன்று பொழுது போவதற்குள் பெரியதம்பி திண்டிவனத்துக்கு வந்தார். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "நயினாரே, உன் ஆறு வரி எங்க கீது? அது ஒண்ணுதான்யா நெசம்" என்றார். சுமதிகுமார் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. கத்தரித்து வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்து, மனுவும் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்தபிறகு மேலே யாருக்கோ வெட்கம் வந்திருக்கவேண்டும். விழா எதுவும் வேண்டாம், டிரம்மை அகற்று என்று உத்தரவு வந்தது.

நான் திண்டிவனம் போயிருந்தது அந்த வாரம்தான். டிரம்மை எடுக்கிற அன்று நானும் சுமதிகுமாரோடு கிளியனூருக்குப் போனேன்.

பன்னிரண்டு மணிக்கு வரவேண்டிய ஓவர்சீயர் ஒன்றேகாலுக்கு வந்தார். மூன்று மணி ரயிலைப் பிடிக்கவேண்டுமானால் ஒன்றே முக்கால் பஸ்ஸை விடக்கூடாது. துரைக்கண்ணுவும் வந்திருந்தார். ஆபீசுக்குப் புகார் எழுதிய அதே துரைக்கண்ணு இன்றைக்குப் பாண்டி ரோட்டில் நின்றுகொண்டு, பஸ்ஸை மறிக்க இரண்டு கையையும் விரித்தபடி இருந்தார். மற்ற நிருபர்கள் ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? அவர்கள்தான் முன்பே திறந்துவிட்டார்களே!

டிரம்கள் உருண்டன. சுமதிகுமார் மணி பார்த்து எழுதினார். எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணி எழுதினார்: நாற்பத்திரண்டு. பெரியதம்பி பேசவந்த பேச்சை விழுங்கிக்கொண்டு, "அஞ்சம்மா, நீ போ மொதல்ல" என்றார். அஞ்சம்மாள் தயிர்க்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பாலத்தில் கால் வைத்தாள். அதே சமயம் ரோட்டில் பஸ் வந்து நின்று ஹார்ன் அடித்தது.

"எழுதிடுங்க சார்!" என்று துரைக்கண்ணு அங்கிருந்தே அலறினார். "கண்டக்டரு நிக்க மாட்டேன்றான்!"

எனக்கும் பொறுக்கவில்லை. "அதான் நடக்க ஆரம்பித்துவிட்டாளே! 'முதலில் கடந்தவர் அஞ்சம்மாள்' என்று முடியுங்களேன். உங்கள் அட்டை என்ன ஆவது?" என்றேன்.

"தொறக்கறதுன்னா என்னா சார்? ஒரு ஆளு இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்குப் போயிச் சேரணும். போவட்டும்."

அஞ்சம்மாளுக்கு என்ன அவசரம்? நாலு மாதம் அண்ணாந்து பார்த்த பாலம். நடுவில் நின்றாள். கூடையை இறக்கிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தாள். எட்டிக் கீழே பார்த்து, "இங்கதாண்டி வுழுந்தேன்!" என்று இந்தக் கரையில் நின்ற பெண்களுக்குக் கையை நீட்டிக் காட்டினாள். பெண்கள் சிரித்தார்கள். பஸ் மறுபடி ஹார்ன் அடித்தது. துரைக்கண்ணு பஸ்ஸுக்குமுன் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

சுமதிகுமார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, அவள் கூடையைத் தூக்கி மறுபடி நடக்கட்டும் என்று காத்து நின்றார்.