அத்தையின் விண்கப்பலை உடைத்தவர்

எங்கள் வீட்டில் அத்தையோடு நடந்து போகிறவர்கள் எல்லோரும் அவளுக்கு வலப்பக்கம்தான் நடப்போம். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வருவது போல, சாப்பிடும் முன் ஜெபம் சொல்வது போல, அதுவும் ஒரு பழக்கம். சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து அத்தைக்கு இடது காது அடியோடு கேட்காமல் போயிருந்தது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. வலது காதோ இரண்டு காதுக்கும் சேர்த்துக் கேட்கும். அடுத்த அறையில் நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் இங்கிருந்து என் பெயரைச் சொல்லி அதட்டுவாள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. தாத்தாவும் பாட்டியும் நான் பிறக்கும் முன்பே போய்விட்டதால் எங்களோடுதான் இருந்தாள். பிரேசர் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் அப்பா, அம்மா, அத்தை, நான். அத்தைக்கு ஐடி கம்பெனியில் வேலை. காலையில் ஆபீஸ் வண்டியில் ஏறினால் டிராஃபிக்கை எல்லாம் தாண்டி வீடு வந்து சேரும்போது முகம் வாடியிருக்கும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து சாப்பிட்டதும் எனக்கு முன்னால் அவளே பாயை விரித்து, அந்தப் பெட்டியை எடுத்து வைத்துவிடுவாள்.

அவளோடு வேலை பார்த்த ஒருவர் வெளிநாட்டுக்குப் போனபோது, மூட்டை கட்டியதில் இடம் போதாமல் அத்தையிடம் விட்டுப்போன விளையாட்டு அது. கனமான அட்டைப் பெட்டி. மூடியில் கறுப்பு வானமும், கோணல்மாணலாக ஒரு விண்கப்பலும். உள்ளே அறுகோணத் துண்டுகள் ஏராளமாக இருக்கும். ஒவ்வொன்றும் கப்பலின் ஒரு பாகம்: இன்ஜின், பீரங்கி, சரக்கு அறை, ஆட்கள் தங்கும் அறை. எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு, மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் ஆளுக்கு ஆள் பாய்ந்து எடுத்துத் தங்கள் கப்பலைக் கட்ட வேண்டும். துண்டுகளின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது எரிபொருள் குழாய். நீலக் கோடு காற்றுக் குழாய். சிவப்போடு சிவப்பு, நீலத்தோடு நீலம். மாற்றிச் சேர்த்தால் தப்பு. மணல் தீர்ந்ததும், பறப்பதற்கு முன்னால், ஒருவர் கப்பலை இன்னொருவர் சோதிப்பார். தப்பான துண்டு இருந்தால் அதைப் பிடுங்கிவிட வேண்டும். அதில் தொற்றிக்கொண்டிருந்த துண்டுகளும் கூடவே போய்விடும். பிறகு சீட்டுகளைத் திருப்பத் திருப்ப விண்கற்கள் வரும், கொள்ளைக்காரர்கள் வருவார்கள். எல்லாம் தாண்டி யார் அதிகச் சரக்கோடு போய்ச் சேருகிறாரோ அவருக்கே வெற்றி.

அப்பாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. ஆட்கள் தங்கும் அறைகளை மட்டும் வரிசையாக அடுக்குவார். இன்ஜின் ஒன்றுகூட இருக்காது. “இது கப்பல் இல்லண்ணா, பி.ஜி. ஹாஸ்டல்” என்பாள் அத்தை. “எல்லாரும் பத்திரமா இருந்தாப் போதும்” என்று அப்பா எழுந்து பேப்பர் படிக்கப் போய்விடுவார். ஆகவே ஆட்டம் எனக்கும் அத்தைக்கும்தான். அவள் கட்டும் கப்பல்கள் நீளமாக, சிறகு விரித்து, கோயில் தேர் மாதிரி இருக்கும். உலகத்திலேயே அவளைப் போல் கப்பல் கட்டுகிறவர்கள் கிடையாது என்று நான் நம்பினேன்.

அந்த வருடங்களில் அத்தையைப் பெண் பார்க்க அவ்வப்போது யாராவது வருவார்கள். அம்மா அச்சு முறுக்கும் கேக்கும் எடுத்து வைப்பாள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, “ஜெபம் பண்ணிட்டுச் சொல்றோம்” என்று போவார்கள். அந்த ஜெபங்கள் இன்றுவரை முடிந்த மாதிரி தெரியவில்லை. ஒரு இடம் மட்டும் நிச்சயம்வரை போனது. அப்போது அத்தையே காது விஷயத்தைச் சொல்ல, அதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அப்பா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கல்யாணம் முடியும்வரை யாரிடமும் எதுவும் சொல்லக்கூடாது.

“மறைச்சுக் கட்டிக்கொடுத்துட்டு நாளைக்கு அவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்றது?” என்று சமையலறையில் அத்தை கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

“அதை நான் பாத்துக்கறேன்” என்றார் அப்பா.

“வாழப்போறது நான்தானே அண்ணா.”

 அம்மா குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். கழுவி வைத்த பாத்திரங்களையே திரும்பக் கழுவினாள் என்று நினைக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. காது கேட்காதது ஒளித்து வைக்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கல்லிலிருந்து ஒருவர் தன் அம்மாவோடு வந்தார். கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கிற இன்ஜினியர். வெயிலில் கறுத்த முகம், பெரிய கைகள். பேச்சு குறைவு. அவருடைய அம்மா அதற்கும் சேர்த்துப் பேசினார். அப்பா காலையிலேயே கூடத்து நாற்காலிகளை இடம் மாற்றியிருந்தார். அத்தையின் நாற்காலிக்கு இடப்பக்கம் சுவர்; வந்தவர்கள் எல்லாம் வலப்பக்கம். எந்த வீட்டிலும் நாற்காலிகளை அப்படி மூலையில் நெருக்கிப் போட மாட்டார்கள். பேசும்போது முட்டி இடித்தது.

காபி குடித்தாயிற்று. எந்தப் பாஸ்டர், எந்த ஊர், யாருக்கு யார் சொந்தம் என்று எல்லாம் கேட்டாயிற்று. கிளம்பலாம் என்று அவர்கள் எழுந்த நேரத்தில் வானம் இருண்டு, ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கல் கொட்டுவது போல் சத்தம். கரண்ட் போனது. தெருவில் தண்ணீர் ஏறியது. வண்டி புக் பண்ணினால், டிரைவர் போன் செய்து, “நீர் தும்பா இதே மேடம், பரக்காகல்ல” என்று, தண்ணீரில் வர முடியாதெனக் கன்னடத்தில் சொல்லி வைத்துவிட்டார். வந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். பேசுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கன்னம் வலித்திருக்கும்.

நான் போய் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா கண்ணால் என்னை மிரட்டினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். வந்தவர் மூடியைப் பார்த்து, “என்ன பாப்பா இது?” என்றார். விண்கப்பல் கட்டுகிற விளையாட்டு என்றேன். அவருக்கு முகம் மாறியது. அதுவரை ஏதோ வேலைக்கு இன்டர்வியூ வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தவர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாயில் இறங்கி உட்கார்ந்தார். அத்தை பட்டுப்புடவையைக் கொசுவத்தோடு ஒதுக்கிக்கொண்டு எதிரில் உட்காரப் போனாள். துண்டுகளைப் பரப்பியதும் எதிரில் இடம் இல்லாமல் போனது. கடைசியில், அவளுக்கு வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவர் என்று அமைந்துவிட்டது.

அப்பா பதறிவிட்டார். “தம்பி, நீங்க இந்தப் பக்கம் வாங்களேன். காத்து வரும்.”

ஃபேன் நின்று வெகுநேரமாகியிருந்தது. “பரவால்ல சார், இங்கயே நல்லா இருக்கு” என்றார் அவர்.

அத்தை விதிகளைச் சொன்னாள். அவர் ஒவ்வொரு துண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். அவருடைய அம்மாவிடம் மணல் கடிகாரத்தைக் கொடுத்தோம். அவர் அதைத் திருப்பிவிட்டு, “ஓடுங்க, ஓடுங்க” என்று எங்களை விரட்ட ஆரம்பித்தார். வளையல் சத்தமும் அட்டைச் சத்தமுமாகக் கட்டினோம். அத்தைக்கும் அவருக்கும் ஒரே துண்டில் கை விழுந்து, இரண்டு பேரும் விட்டுவிட, நான் அதை எடுத்துக்கொண்டேன்.

மணல் தீர்ந்தது. அத்தையின் கப்பல் எப்போதும் போல அழகாக, பின்னால் இன்ஜின்கள் வரிசை கட்ட, நீண்டு கிடந்தது. அவருடையது சின்னது. செங்கல் சூளை மாதிரி சதுரமாக இருந்தது. நான் அதில் தப்பு கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றேன். ஒன்றும் அகப்படவில்லை. அவர் அத்தையின் கப்பலைக் குனிந்து பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், “இங்க சிவப்பும் நீலமும் சேந்திருக்கு பாருங்க” என்றார்.

அத்தை தன் கப்பலுக்குள் குட்டி மனிதர்களை நிறுத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“இங்க பாருங்க” என்றார் மறுபடியும். அத்தை ஒரு மனிதனை நேராக்கினாள். அவருடைய அம்மா மகனைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

சமையலறை வாசலிலிருந்து அம்மா சத்தமாக, “மழைச் சத்தத்துல அவளுக்குக் கேக்கல போல இருக்கு” என்று சிரித்தாள். அம்மா சிரித்தால் அப்படி இருக்காது.

அத்தை அதைக் கேட்டுத் தலை நிமிர்ந்தாள். அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா ‘வேண்டாம்’ என்பது போல லேசாகத் தலையை அசைத்தார். அவள் இடப்பக்கம் திரும்பி அவரைப் பார்த்தாள்.

“மழை இல்லீங்க. எனக்கு இந்தக் காது கேக்காது. சின்ன வயசுலேர்ந்தே. நீங்க அந்தப் பக்கம் வந்து சொல்லுங்க.”

  அவர் எழுந்தார். கிளம்பப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்க வேண்டும். அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். அவர் துண்டுகள் கலையாமல் பாயின் ஓரமாகக் காலை வைத்துச் சுற்றி வந்து, “ஸ்வல்ப நகரு பாப்பா” என்று என்னைத் தள்ளிவிட்டு, அத்தையின் வலப்பக்கம் உட்கார்ந்தார்.

“அந்தச் சரக்கு அறை இருக்கே, அதுல சிவப்பும் நீலமும் ஒட்டியிருக்கு. எடுக்கணும்ல?”

அத்தை குனிந்து பார்த்தாள். “ஆமா. எடுக்கணும்.”

எடுத்தாள். அதில் தொற்றிக்கொண்டிருந்த பின்பாதி முழுவதும் கழன்று போனது. ஒன்றைத் தவிர எல்லா இன்ஜினும் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது. “அவருக்கு ரூல்ஸே சரியாத் தெரியாது! விடு அத்தை, அப்படியே ஓட்டு!” என்று கத்தினேன்.

“ரூல்ஸ்தானே பாப்பா” என்றார் அவர். பாவப்பட்ட மாதிரியே தெரியவில்லை. அத்தை உடைந்த கப்பலைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, பட்டுப்புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விருந்தாளிகள் முன்னால் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பறந்தோம். முதல் விண்கல்லிலேயே அத்தையின் மூக்கு போனது. கொள்ளைக்காரர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அவருடைய செங்கல் சூளை மட்டும் அசைந்து அசைந்து போய்ச் சேர்ந்தது. நடுவில் அவருடைய அம்மா, “டாக்டர்கிட்ட காட்டினீங்களாம்மா?” என்று கேட்டார்.

“காட்டினோம்மா. நரம்பு போயிடுச்சாம். இந்தக் காது நல்லாவே கேக்கும்.”

அந்த அம்மா “ம்” என்றார். அதற்குப் பிறகு இன்னொரு அச்சு முறுக்கு எடுத்துக்கொண்டார். அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று அம்மாவுக்கு விளங்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

மழை விட்டதும் அப்பா குடையோடு அவர்களைக் கீழே அனுப்பப் போனார். நானும் பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் நின்றேன். அந்த ஆளை ஒரு கடைசி முறை முறைக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். கேட் அருகில் அப்பா, “தம்பி, நாங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்...” என்று இழுத்தார்.

“அதான் அவங்களே சொல்லிட்டாங்களே அண்ணா” என்றார் அவர். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, தன் அம்மாவைக் கைப்பிடித்துத் தண்ணீரில் இறங்கிப் போனார்.

அந்த வாரமே சம்மதம் என்று போன் வந்தது. அதைவிட அதிர்ச்சி, அத்தையும் சம்மதித்தது. கப்பலை உடைத்த ஆளைப் போய்க் கட்டிக்கொள்வதா என்று நான் அவளோடு பேசாமல் இருந்தேன். “உடைக்கலடி, காட்டினார்” என்று சொல்லிப் பார்த்தாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். கல்யாணத்தில் பூக்கூடை பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தபோதும் மாப்பிள்ளையைப் பார்க்காமலேயே நடந்தேன். இப்போது நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். எனக்கும் அவருக்கும் நல்ல சிநேகம். ஆட்டத்தில் மட்டும் இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அத்தை ஆனேக்கல்லுக்குப் போய் வெகுகாலம் கழித்து, ஏதோ பேச்சில் அம்மா எனக்கு ஒன்று சொன்னாள். பொன்னுக்கு வீங்கி முதலில் வந்தது அப்பாவுக்காம். பள்ளிக்கூடத்திலிருந்து அவர்தான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். தங்கச்சி பக்கத்தில் போகாதே என்று பெரியவர்கள் சொல்லியும், அவள் அழுகிறாளே என்று போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டாராம். அவருக்கு வீக்கம் வடிந்து எல்லாம் சரியாகிவிட்டது.

இது எதுவும் தெரியாத வயதில், அன்று அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகு, அப்பா மாடிக்கு வராமல் ஈரப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தேன். குடையை மடிக்காமல் பக்கத்தில் வைத்திருந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். முதுகு குலுங்கியது. அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தாலும் காரணம் தெரிந்தே இருந்ததால் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் முழங்காலில் கை வைத்துச் சொன்னேன்.

“அழாதப்பா. அடுத்த தடவை அத்தைதான் ஜெயிப்பா.”

அவர் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, “ஆமாடா கண்ணு, ஆமா” என்றார். நல்ல வேளை, ஒருவருக்காவது என்னால் ஆறுதல் சொல்ல முடிந்தது என்று பெருமையோடு மாடியேறி, மிச்சமிருந்த கேக்கைத் தின்னப் போனேன்.