மூதூருக்கு இரண்டு லைன்

அக்காவின் மகள் கணினி படிப்பிக்கிறவள். சேர்வர், நெட்வேர்க் சம்பந்தமான ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடிப் பட்டியல் ஒன்று தயாரிக்கிறாள். போன ஞாயிறு பாலையூற்றில் என் வீட்டுக்கு அதைக் கொண்டுவந்தாள். ஃபோல்ட் டொலரன்சுக்கு 'வழுத் தாங்குதிறன்' என்பது வரை வந்துவிட்டாள், 'ஹார்ட்பீட்'டில் நின்றுவிட்டாள். இரண்டு சேர்வர்கள் இருக்குமாம். உயிரோடு இருக்கிறாயா என்று ஒன்றை ஒன்று விடாமல் கேட்டபடி இருக்குமாம். பதில் வராவிட்டால் மற்றது வேலையைப் பொறுப்பெடுக்குமாம்.

"எந்த லைனால கேக்கும்?" என்றேன்.

அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். "அதுக்கெண்டு வேற லைன் இருக்கு. மாமா, உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?"

எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்!

எழுபதுகளில் திருகோணமலைத் தொலைபேசி நிலையத்தில் நான் இயக்குநர், அதாவது ஒப்பரேட்டர். பெயர்தான் பெரிது. வேலை, காதில் கறுப்புக் குழாயை மாட்டிக்கொண்டு பலகையில் துளைக்குத் துளை வயரைக் குத்துவது. எனக்கு முதல் இருந்தவர் தலைக்கு வைத்த எண்ணெய் அந்தக் குழாயில் மணக்கும்.

குடாவுக்கு அக்கரையில் இருக்கும் மூதூருக்கு இரண்டு லைன். ஒன்று கிண்ணியாப் பக்கமாகப் போகும். மற்றது கந்தளாய் சுற்றிப் போகும், முதலாவது விழுந்தால் பாவிக்க. காலை எட்டு மணிக்கு இரண்டிலும் பேசிப் பார்த்துப் பதிவேட்டில் 'சரி' என்று எழுதவேண்டும். மூதூர் முனையில் ஜமால்தீன். முகம் கண்டதில்லை, குரலில் மட்டும் சிநேகிதம். கந்தளாய் லைனைப் பிடிக்க இடையிலுள்ள நிலையங்களில் இரண்டு மூன்று பேரைக் கெஞ்சவேண்டும். எங்களுக்கு அலுப்பு. அதனால் முதலாவது லைனிலேயே விசாரித்து முடித்துவிடுவோம்.

"மற்றது நல்லாயிருக்குத்தானே?"

"ஓம் ஓம், எழுதுங்க."

மாதக்கணக்காக எழுதினேன், அதுவும் மணிமணியான கையெழுத்தில்.

ஒரு மார்கழி. முற்பகலில் துறைமுகத்திலிருந்து அழைப்பு. "கடல் கெட்டுப்போச்சு. மூதூர் லோஞ்சை வெளிக்கிட விடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ." கிண்ணியா லைன் செத்துக் கிடந்தது. கந்தளாய் லைனைப் பிடித்தேன். அதுவும் சத்தமில்லை. எப்போது அறுந்ததோ! பதிவேட்டில் அன்று காலையும் 'சரி'.

மூதூரிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் லோஞ்ச் வெளிக்கிட்டுவிட்டது. கடலில் அலைக்கழிந்து மாலையில்தான் கரை சேர்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் மழையில் நனைந்த முக்காட்டோடு ஒரு வயதான மனுசி நிலையத்துக்கு வந்தா. ஜமால்தீனின் உம்மா. கண் காட்ட ஆஸ்பத்திரிக்கு வந்தவ. முதல்நாள் அந்த லோஞ்சில் ஏற்றிவிட்டது ஜமால்தீன்தான்.

"நான் வந்து சேந்திட்டன் எண்டு மகனுக்குச் சொல்லணும் தம்பி."

"லைன் விழுந்துபோச்சு உம்மா."

"ரெண்டு இருக்காமே. மகன் சொல்லுவான். மத்ததில கூப்பிடுங்க."

மூன்று நாள் லோஞ்ச் ஓடவில்லை, பாதையெல்லாம் வெள்ளம். மூன்று நாளும் வந்து கதிரையில் இருந்தா. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பாவம், நீங்களும் என்ன செய்யிற" என்று சாப்பிடக் கொண்டுவந்த பணிசில் பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தா. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கம் இன்றைக்கும் போகவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் கந்தளாய் லைனைத்தான் முதலில் இணைத்தார்கள். மறுமுனையில் ஜமால்தீன். முதலில் ஒரே சொல்.

"உம்மா?"

"இருக்கிறா. எனக்குப் பக்கத்திலதான்."

அவன் அழுதான். நான் குழாயை உம்மாவிடம் கொடுத்துவிட்டு யன்னலோரம் போய் நின்றேன். திரும்ப வாங்கியபோது அவன் லைனில்தான் இருந்தான். "ரெண்டாவது லைன் சரி. எழுதுங்க."

எழுதினேன்.

பொய்யாய் எழுதிய அந்தச் 'சரி'களைப்பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. ஆனால் அதன்பிறகு எட்டு மணிக்கு முதலில் கந்தளாய் லைன்தான். கேக்குதா, கேக்குது. எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இடமாற்றம் வந்தது. பிறகு யுத்தம், ஊர் கெட்டுப்போன காலம். கம்பங்கள் போயின, அந்தப் பலகையும் வயர்களும் போயின. ஜமால்தீன் எங்கே போனான் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அவன் முகத்தை நான் கடைசிவரை காணவில்லை.

மருமகள் அந்தச் சொல்லுக்கு இடம் விட்டுவைத்துப் போயிருக்கிறாள். இப்போது மூதூருக்குப் பாலத்தால் போகலாம், சட்டைப்பையில் போன் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு இன்னமும் கை தானாக அதை எடுக்கிறது. கேக்குதா என்று கேட்க அந்தப் பக்கம் ஆள் இல்லை.