மடங்கிய காலோடு ஒரு வெண்கலக் குதிரை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் தனியாக வெளிநாடு வந்து, பார்க்டேலில், ஓர் அன்ரியின் வீட்டில் அறை எடுத்து இருந்தேன். இவர், என் கணவர், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பிக் கொழும்பிலிருந்து புறப்பட்டு, மாஸ்கோவுக்கு அங்கால் எங்கேயோ பனிக்குள் மாட்டுப்பட்டுக் கிடந்தார். எப்போதாவது தொலைபேசி வரும். "இன்னும் வெளிக்கிடேல்லை," என்பார். பிறகு லைன் அறுந்துவிடும். அந்தப் பனி மாரி முழுக்க நான் நித்திரையில் நடப்பவள் போலத் திரிந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த என்னை அன்ரி மியூசியத்துக்கு இழுத்துப் போனார். உடைந்த சட்டி பானை பார்க்கிற மனநிலையா அது? ஆனால் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கால் தானாக நின்றது. பழைய காலத்து வெண்கல பெல்ற் பக்கிள்கள், இடுப்பு வாரில் மாட்டுகிற கொக்கிகள். ஆட்டைக் கவ்விய ஓநாய், சுருண்ட சிறுத்தை, நடுவில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குதிரை. நான்கு கால்களையும் வயிற்றுக்குக் கீழே மடக்கி, தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு வரைபடம். ரஷ்யாப் பக்கத்துப் புல்வெளிகளில்தான் அவற்றை அணிந்தவர்கள் குதிரையில் திரிந்தார்களாம். இவர் நிற்கிற திசை.

"பாவம், களைச்சுப்போய்ப் படுத்திருக்குது," என்றேன்.

"களைப்பும் இல்லை, ஒண்டும் இல்லை. பக்கிள் சின்னன், பிள்ளை. காலை நீட்ட இடமில்லை, செய்தவன் மடக்கிப் போட்டான்," என்றார் அன்ரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். காவலாளி ஓடி வந்து, தொடக்கூடாது என்று கையைக் காட்டினார். "சாமி கும்பிடுற இடமே உது?" என்று அன்ரி வாயைப் பொத்திச் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும். அதற்குப் பிறகு, வேலைக்குப் போகும்போது ஸ்ட்ரீட்காரில் கண் சொருகினால் அந்தக் குதிரை வரும். பனிக்குள் எழும்பி, உடம்பை உதறி, மேற்கே, என் பக்கம், நடக்கத் தொடங்கும். குளம்புச் சத்தமே கேட்காது. நான் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போய்விடும்.

வசந்தத்தில் இவர் வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் ஆளை மட்டுக்கட்ட முடியவில்லை, அவ்வளவு மெலிவு. காற்சட்டையை ஒரு நைலோன் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார். வீட்டுக்கு வந்து குளித்தார், சோறு சாப்பிட்டார், கட்டிலில் சாய்ந்தவர் அப்படியே உறங்கிப்போனார். பின்னேரம் தேநீரோடு போன நான் வாசலில் நின்றுவிட்டேன். அவ்வளவு பெரிய கட்டிலின் ஒரு மூலையில், முழங்கால்கள் இரண்டையும் வயிற்றோடு மடக்கி, தலையை மட்டும் கதவுப் பக்கம் திருப்பிக் கிடந்தார். லொறிகளுக்குள் அடைத்துக் கொண்டுவந்ததை அவர் அதுவரை எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அன்ரி சொன்னதுதான் சரி. எனக்கு அழுகை வந்தது. மெல்ல அவர் காலைத் தொட்டேன். திடுக்கிட்டு இன்னும் ஒடுங்கினார்.

"நான்தானப்பா," என்றேன். "காலை நீட்டுங்கோ. இஞ்சை இடமிருக்கு."