பெயிலான பிள்ளைக்குத் தெரிந்த வாடை

கண்நோய் தீர்க்கும் இருக்கன்குடி அம்மனை நம்பியிருக்கும் சொந்தங்களே, நான் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அந்த ஆத்தாளோடு சண்டை போட்டவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. என் மகள் செல்வி கெமிஸ்ட்ரியில் பெயில். அவளை நர்சாக்கிப் பார்க்க வேண்டும் என்றுதான் இத்தனை வருடம் பட்டாசு மருந்துத் தூளில் கிடந்தேன். பாஸ் பண்ணினால் அக்கினிச் சட்டி எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். இரண்டு நாள் உலை வைக்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று கத்தினேன். "ஊரார் கண்ணையெல்லாம் காப்பாத்துறவளே, எம்புள்ளையப் பாக்க ஒனக்குக் கண்ணில்லையா? சட்டியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, போ!"

மகளையும் விடவில்லை. "படிச்சுக் கிழிச்சது போதும், கம்பெனிக்கு வா" என்றேன். பதினெட்டு முடிந்த பிள்ளை. துணைத்தேர்வுக்குப் பேர் கொடுத்துவிட்டு என் பின்னால் வந்தாள்.

அவள் வேலைக்கு வந்த மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை. முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. ரூமில் நாங்கள் இருவரும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தோம். கலந்த மருந்து தட்டில் இருந்தது. செல்வி மூக்கைச் சுளித்தாள்.

"யம்மா, மூத்திர வாடை அடிக்குது."

"கக்கூஸ் அங்கனதான இருக்கு."

"இல்லம்மா, இது அமோனியா. மருந்துல ஈரம் ஏறிருச்சு. தட்டுப் பக்கம் கைய வச்சுப் பாரு, கொதிக்குது. தானா வெடிச்சிரும். எல்லாரும் எந்திரிங்க!"

வாசலில் நின்ற போர்மேன் சிரித்தார். "கெமிஸ்ட்ரியில கோட்டை விட்ட புள்ள நமக்குப் பாடம் எடுக்குதாக்கும்! ஆர்டர் கெடக்கு, உக்காருங்க."

வீட்டில் நானும் அப்படித்தானே பேசிக்கொண்டிருந்தேன்? எழுந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. கண்ணை மூடினேன். சண்டைக்குப் பிறகு முதல் தடவையாகக் கூப்பிட்டேன். 'ஆத்தா, இவ சொல்றத நம்பவா?' கண்ணைத் திறந்தால், செல்வி என் கையைப் பிடித்தபடி நிற்கிறாள். நான் எழாமல் அவள் போகமாட்டாள். அவ்வளவுதான், எழுந்துவிட்டேன். "எந்திரிங்கடி!" என்று மற்ற இருவரையும் இழுத்தேன். நாங்கள் ஓடியதைப் பார்த்துப் போர்மேனும் ஓடிவந்தார்.

வேப்பமரத்தை எட்டும்போது ரூம் வெடித்தது. கூரையும் இல்லை, கதவும் இல்லை. எங்கள் ஐந்து பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, தாயே!

போர்மேன் கேட்டார்: "இம்புட்டுத் தெரிஞ்ச புள்ள எப்பிடித்தா பெயிலான?"

"சமன்பாடு மறந்துபோச்சு அண்ணாச்சி."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. மூன்று மணி நேரத்தில் அவளுக்கு எழுத வரவில்லை. அதற்காக அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று பெற்றவளே முடிவு கட்டிவிட்டேனே, பாவி! பரீட்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. நர்சாக வேண்டுமென்றால் அதையும் தாண்டித்தான் ஆக வேண்டும். செல்வி இப்போது கம்பெனிக்கு வருவதில்லை. வீட்டிலிருந்து படித்தாள், துணைத்தேர்வும் எழுதிவிட்டாள். எப்படி எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

தாய்மாரே, பிள்ளைக்கு மார்க் குறைந்தால் ஆத்தாளிடம் தாராளமாகச் சண்டை போடுங்கள், அவள் பொறுத்துக்கொள்வாள். பிள்ளையிடம் போடாதீர்கள்.

ரிசல்ட் வருகிற திங்கட்கிழமை. சட்டியை இந்த ஆடி வெள்ளியிலேயே எடுத்துவிட்டேன்.