தேங்காய் நார் அடைத்தவர்

செம்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பு நகரின் மழைநீர்க் கால்வாயைத் தூர்வாரியவர் ஒல்லியான மனிதர். காக்கி நிஜார், காதில் பற்றவைக்காத பீடி. எந்த வீட்டுக் குப்பையோ அதை அந்த வீட்டு வாசலிலேயே அள்ளிப் போடுவார்.

1973, ஐப்பசி முதல் ஞாயிறு என்கிறது என் டைரி. காலையில் என் குளியலறைத் தண்ணீர் வெளியேறாமல் தேங்கியது. போய்ப் பார்த்தால், கால்வாய்க்குள் நான் விட்டிருந்த குழாயில் தேங்காய் நாரையும் களிமண்ணையும் திணித்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டுய்யா அடைக்கிறே?" என்று கத்தினேன்.

"நீ யாரைக் கேட்டு சார் வுட்டே? இது மழைத்தண்ணி கால்வா. நேரா ஏரிக்குப் போவுது. ஏரிக்கரைலதான் எங்க கெணறு கீது. உன் சோப்புத் தண்ணியத்தான் எங்க வூட்டுப் புள்ளைங்க குடிக்குதுங்க."

"எல்லாரும்தானே விட்டிருக்காங்க?"

"அதான் எல்லாத்தையும் அடைச்சிகினு வரேன். உன்னுது கடைசி."

அன்று மாலையே நகரவாசிகள் கூடி, அவரை மாற்றச் சொல்லிப் பஞ்சாயத்துக்கு மனு எழுதினோம். எழுதிக் கொடுத்தவன் நான். எங்கள் குழாய்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

மறு வாரம் வேறு ஆள் வந்தார். முதல் வேலையாக எல்லாக் குழாய்களிலிருந்தும் நாரைப் பிடுங்கி எறிந்தார். எவர் வாசலிலும் எதையும் போடவில்லை. தங்கமான மனிதர் என்று தெருவே பாராட்டியது.

மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் அதை எழுதிய கையின் மீது ஆத்திரம் வருகிறது. தேதி, கிழமை, நேரம், எல்லாம் சரியாக இருக்கின்றன. அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் 'மேற்படி ஆள்' என்று எழுதியிருக்கிறேன்.